இந்த மூஞ்சிக்கே

நான் பட்டுப் புடவை கட்டாத நாள் கிடையாது. சொன்னால் சிரிக்கிறார்கள். மீசை வைத்தவன், தொப்பை போட்டவன், ஐம்பதைத் தாண்டியவன். காஞ்சிபுரத்தில் காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளனாக இருக்கிறேன். வெள்ளை மெத்தையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புடவையை விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. "கட்டினா எப்படி இருக்கும்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். உடனே எழுந்து, சட்டை பேண்டுக்கு மேலேயே இடுப்பில் ஒரு பெல்ட்டைச் சுற்றி, கொசுவத்தை அதில் செருகி, முந்தியை இடது தோளில் தொங்கவிட்டு நிற்க வேண்டும். காஞ்சிபுரத்துக் கடைகளில் இது ஆண்கள் செய்கிற வேலை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

எனக்கு இதில் நல்ல கைத்திறன். காபி வருவதற்குள் கட்டி முடித்துவிடுவேன். கல்யாணம் காட்சிக்குக் கிளம்பும்போது என் மனைவி கொசுவம் மடிக்க என்னைத்தான் கூப்பிடுவாள். அவள் தங்கைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், பிறகு அவர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள்.

புடவையோடு நிற்கும் என்னை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் இந்த வேலையின் விசேஷம். கரை எவ்வளவு அகலம், முந்தியில் யாளியா மயிலா, புடவை உடம்பில் புட்டாப் பூக்கள் நெருக்கமா, இதைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் கண் என் கழுத்துக்கு மேல் வராது. என் மேல் கிடக்கும் புடவைக்குள் அவர்கள் வீட்டுப் பெண்ணை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில குடும்பங்களில் முகூர்த்தப் புடவை முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் உடம்பில் படக் கூடாது. அவர்களுக்கு என்னை விட்டால் வேறு வழியே இல்லை. கடைக்காரர் மேல் பட்டால் அது பட்டதாகக் கணக்கில்லை.

எனக்கென்று ஒரு வசனம் இருந்தது. குடும்பமே குழம்பிப்போய், இதுவா அதுவா என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் முந்தியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அதைச் சொல்வேன். "இந்த மூஞ்சிக்கே இவ்ளோ நல்லா இருக்குதுன்னா, உங்க பொண்ணுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்கம்மா!" அவ்வளவுதான். மூலையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் அப்பா வரைக்கும் சிரிப்பார். சிரித்த வேகத்தில் கை புடவை மேல் போய்விடும். முடிவு பண்ண முடியாமல் திண்டாடும் குடும்பங்களை முதலாளியே என் பக்கம் அனுப்பிவைப்பார்.

என் மூஞ்சியைப் பற்றி எனக்கு எந்த மயக்கமும் இருந்ததில்லை. அடுப்புக்கரி நிறம். அகன்ற மூக்கு. கீழுதடு எப்போதும் ஏதோ கோபித்துக்கொண்டது போல வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். தென்னேரியில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் என் பெயர் அமாவாசை. முதலில் அழுதேன். ஒருநாள் வகுப்பில் விளக்கு அணைந்தபோது, "என்னைத் தேடாதீங்கடா, கிடைக்க மாட்டேன்" என்று நானே சொன்னேன். எல்லாரும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அன்றைக்கு ஒரு தந்திரம் பிடிபட்டது. அடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் நாமே சொல்லிவிட்டால் அவனுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது. அதிலிருந்து நான்தான் முந்திக்கொள்வேன். அதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆளுயரக் கண்ணாடி. நாள் முழுக்க அவற்றுக்கு நடுவில் நின்றாலும் முந்தி நேராக விழுந்திருக்கிறதா, கரை மடங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். வாடிக்கையாளர் மாதிரியே நானும் கழுத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

எங்களுக்கு ஒரே பெண். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த உறவுக்காரர்கள் துணியை விலக்கிப் பார்த்ததும் ஒரே குரலில் சொன்னது, "அப்பனை உரிச்சு வச்சிருக்குது." மற்ற அப்பன்களுக்கு இதைக் கேட்டால் பெருமையாக இருக்குமாம். எனக்கு அப்படி இல்லை. பெண் குழந்தையாயிற்றே என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது கேட்டது. என் மனைவி நல்ல நிறம், எடுப்பான மூக்கு. "இல்லல்ல, அம்மா ஜாடைதான், மூக்கைப் பாருங்க" என்றேன். எல்லாரும் மூக்கைப் பார்த்தார்கள். அது என் மூக்குதான்.

அன்றைக்கு ஆரம்பித்ததை நான் விடவேயில்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில், பள்ளிக்கூட வாசலில், ஒருமுறை வாலாஜாபாத் பஸ்ஸில் கண்டக்டரிடம்கூட, யார் என் ஜாடை என்று சொன்னாலும் உடனே மறுத்துவிடுவேன். செய்யாத தப்புக்கு என் பெண்மேல் பழி போடுகிறார்கள், அதிலிருந்து அவளைக் காப்பாற்றுகிறேன் என்பது போல ஒரு வேகம் வரும். அவள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள், "நான் உன்ன மாதிரி இல்லையாப்பா?" என்று கேட்டாள். "இல்லடா கண்ணு, நீ அம்மா மாதிரி. நீ அழகு" என்றேன். அவள் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் போய் வெகு நேரம் நின்றாள். அழகு என்று சொன்னதும் பிள்ளை பார்த்துக்கொள்கிறது என்று எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம்.

அவள் படித்து, ஊரிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். போன வருடம் வாலாஜாபாத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை. நல்ல மாதிரியான மனிதர்கள். வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துவிட்டது. முகூர்த்தப் புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் முறை. பையனின் அம்மா கிளம்பும்போது, "புடவையை உங்க கடையிலயே எடுத்துடலாம் அண்ணா, வேற எங்க போறது?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அலமாரியில் எந்தத் தட்டில் எந்தப் புடவை இருக்கிறது, எதை முதலில் விரிப்பது, எதைக் கடைசியில் காட்டுவது என்று அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் என் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அன்னிக்கு நீ புடவை காட்டாத. எங்க கூட உக்காந்துக்க."

"ஏம்மா? கடையில என்னை விட்டா யாரு நல்லா காட்டுவாங்க?"

"அது தெரியும்பா. அன்னிக்கு ஒருநாள் மட்டும் வேணாம். மேல போட்டுக்கினு நிக்காத."

"சரி" என்று சொல்லிவிட்டேன். உள்ளே சுருக்கென்றது. ஊரில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் நான் புடவை கட்டிக் காட்ட வேண்டுமாம், என் பெண்ணுக்கு மட்டும் கூடாதாம். சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி அப்பன் புடவை கட்டிக்கினு நின்னா அவளுக்கு வெக்கமா இருக்குது."

அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். "வெக்கம்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"பின்ன வேற இன்னாவாம்?"

"அவளையே கேளுங்களேன். அப்பனும் பொண்ணும் என்கிட்ட வந்து வந்து சொல்றீங்க."

நான் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்த வாரம் முழுக்க கடையில் முந்தியைத் தோளில் போடும்போதெல்லாம் அவள் சொன்னது ஞாபகத்துக்கு வந்து எரிச்சலாக இருந்தது. ஒரு வாடிக்கையாளரிடம் சிடுசிடுத்துக்கூட விட்டேன்.

புடவை எடுக்கும் நாள் வந்தது. காமாட்சி அம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, ராகு காலம் கழிந்ததும் கடைக்குள் நுழைந்தோம். நான் அன்று லீவு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல்முறையாக மெத்தையில் வாங்குகிறவர்கள் பக்கம் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கடை வேறு மாதிரி இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் உயரமாகத் தெரிந்தார்கள். ஒருவர் காலுறையில் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது. இன்னொருவருக்குப் புடவையைச் செருகிய பெல்ட்டுக்கு மேல் தொப்பை பிதுங்கியது. நானும் இத்தனை காலம் இப்படித்தான் தெரிந்திருக்கிறேனா என்று தோன்றியதும் வயிற்றை எக்கிக்கொண்டேன். நான் உட்கார்ந்திருந்தேன், அங்கே யாருக்கும் என் வயிறு தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து பையனின் அம்மாவும், பையனின் அத்தையும், இன்னும் இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். அந்த அத்தை சொல்வதுதான் அவர்கள் வீட்டில் சட்டம் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. "கையால தொட்டுப் பாக்கலாம், பொண்ணு மேல போடக் கூடாது. எங்க வீட்டு வழக்கம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எங்களுக்குப் புடவை காட்ட வந்தவன் என் சக விற்பனையாளன். என்னைவிடச் சின்னவன், நல்ல சிவப்பு, வேலையில் சுத்தம்.

கொஞ்ச நேரத்தில் மெத்தை முழுக்கப் புடவை. என் பெண் அதிகம் பேசவில்லை. அவள் கை மட்டும் ஒரு அரக்குப் புடவையின் மேல் போய் நின்றது. அடர்ந்த அரக்கு, கிளிப்பச்சைக் கரை, முந்தி நிறைய ஜரிகை. நானே அதைத்தான் மனதுக்குள் எடுத்து வைத்திருந்தேன்.

அத்தை எட்டிப் பார்த்தார். "அரக்கு வேணாம்மா. உன் நிறத்துக்கு முகம் இன்னும் மங்கிப் போயிடும். சந்தன கலர், ரோஸ் அந்த மாதிரி லேசா எடு." கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. உப்புக் குறைகிறது என்று சொல்வது போல சாதாரணமாகத்தான் சொன்னார். என் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

பையனின் அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எதுக்கும் ஒருவாட்டி போட்டுக் காட்டுங்களேன்" என்றார். சக விற்பனையாளன் அரக்கைக் கட்டிக்கொண்டு நின்றான். நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குக் கோணிப்பையைச் சுற்றினாலும் நன்றாகத்தான் இருக்கும்.

"இவருக்கு இருக்குது. இவரு சிவப்பு" என்றார் அத்தை. "நம்ம பொண்ணுக்கு வரணுமே?"

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கறுத்த உடம்பில் அரக்கு விழுந்தால் ஜரிகை எப்படி எழுந்து நிற்கும் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். சந்தன நிறம்தான் சாம்பல் பூசியது போல ஆக்கிவிடும். வாயால் சொன்னால் வியாபாரப் பேச்சு என்று நினைப்பார்கள். கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு அந்த நிறத்தில் ஓர் உடம்பு வேண்டும். என் பெண்ணின் கை இன்னும் மெத்தையில் அந்தப் புடவை கிடந்த இடத்திலேயே இருந்தது. அவளுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் எழுந்துவிட்டேன்.

"குடுப்பா இங்க" என்று பெல்ட்டையும் புடவையையும் வாங்கினேன்.

"அப்பா..." என்றாள் அவள்.

அத்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பொண்ணோட அப்பா மேல படலாமா?"

"தெனமும் படுறதுதானே அண்ணி? இப்ப அவரு கடைக்காரரு" என்றார் பையனின் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வேட்டிக்கு மேலேயே பெல்ட்டைக் கட்டினேன். கொசுவம், செருகல், முந்தி. திரும்பி நின்றேன். அரக்கு தன் வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது. அத்தை தலையை ஒரு பக்கம் சாய்த்தார். அந்தச் சாய்வை எனக்கு நன்றாகத் தெரியும். மனசு பாதி வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் முழுசும் வந்துவிடும். என் கை தானாக முந்தியைத் தூக்கியது. என் வாய் தானாகத் திறந்தது.

"இந்த மூஞ்சிக்கே இவ்ளோ நல்லா இருக்குதுன்னா, உங்க பொண்ணுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்கம்மா!"

அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்து மெத்தையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சக விற்பனையாளனும் வழக்கம்போலச் சிரித்தான். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சிரிப்பு அடங்கினால் கை புடவை மேல் வரும் என்று தினமும் காத்திருப்பது போல முந்தியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இந்த மூஞ்சிக்கு இன்னாப்பா?"

என் பெண்தான் கேட்டாள். சத்தமாக இல்லை. கோபமாகவும் இல்லை.

"சும்மா, வியாபாரத்துக்குச் சொல்றதும்மா..."

"தெரியும்பா. சின்ன வயசுலருந்து கேட்டுக்கினுதான் இருக்கேன். ஸ்கூல் விட்டு கடைக்கு வந்து மூலையில உக்காந்துக்கினு இருப்பேன். நீ சொல்லுவ. எல்லாரும் சிரிப்பாங்க. நான் என் மூஞ்சியத் தொட்டுப் பாத்துக்குவேன். எனக்கும் அதே மூஞ்சிதானப்பா. அதான் இன்னிக்கு மட்டும் வேணாம்னு சொன்னேன்."

அவளைப் பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பினால் கண்ணாடி. அன்றைக்குத்தான் கழுத்துக்கு மேலே பார்த்தேன். அரக்குப் புடவையில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், தாழ்வாக, மெத்தையில் உட்கார்ந்தபடி அவள் கண்ணாடிக்குள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே அகன்ற மூக்கு. கோபித்துக்கொண்டது போல அதே கீழுதடு. ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்தவர்கள் ஒரே பார்வையில் கண்டுகொண்டதை நான் மட்டும் இத்தனை காலம் நேராகப் பார்க்காமலே இருந்திருக்கிறேன். அவள் முகத்தில் அந்த மூக்கு அழகாக இருந்தது. உண்மையாகவே அழகாக இருந்தது, அப்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. பெண்களுக்கு எது எடுக்கும், எது எடுக்காது என்று பார்ப்பதே என் பிழைப்பு. அப்படியானால் இத்தனை வருடமும், ஊர் சிரிக்க, நான் யாருடைய மூஞ்சியைச் சொல்லிக்கொண்டிருந்தேன்? வெட்கமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பட்டில் சொட்டினால் கறையாகிவிடும் என்று தலையை நிமிர்த்திக்கொண்டேன். அப்போதும் புடவை ஞாபகம்தான்.

அத்தைக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "சரி விடுங்க, பேச்சு எங்கயோ போவுது" என்றார். "நீ எழுந்து கண்ணாடி கிட்ட நில்லும்மா. மேல படாம கொஞ்சம் தள்ளிப் புடிச்சுக் காட்டச் சொல்றேன். நீயே பாத்துக்க."

என் பெண் எழுந்தாள். கண்ணாடி பக்கம் போகவில்லை. எனக்கு எதிரே வந்து நின்று, தலையிலிருந்து கால் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். அதுவரைக்கும் எந்த வாடிக்கையாளரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. முதலில் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் புடவையைப் பார்த்தாள்.

"கண்ணாடி வேணாம் அத்தை" என்றாள். "அதான் அப்பா மேல பாத்துட்டேனே. அப்பாவுக்கு நல்லா இருக்குது. எனக்கும் நல்லா இருக்கும்."

பையனின் அம்மா சக விற்பனையாளனைப் பார்த்து, "பில்லு போடச் சொல்லுப்பா" என்றார். அவன் வந்து என் தோளிலிருந்து முந்தியை எடுத்து, பெல்ட்டை அவிழ்த்துவிட்டான். நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வசனத்தை இப்போது நான் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், ஒன்றும் அமையவில்லை. சக விற்பனையாளன் ஒருநாள் அதை எடுத்துச் சொல்லிப் பார்த்தான். அவன் மூஞ்சியில் என்ன குறை என்று வந்தவர்கள் விழித்தார்கள். முதலாளிக்குத்தான் வருத்தம்.

கல்யாணம் ஆனியில் நடந்தது. அரக்குப் புடவையில் அவள் மணவறைக்கு வந்தபோது அத்தைதான் ஓடி ஓடி முந்தியைச் சரிசெய்தார். தானே தேர்ந்தெடுத்த புடவை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததாகவும் கேள்வி. நான் பாயச வாளியோடு பந்தியில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் வீட்டு உறவில் எனக்கு முன்பின் தெரியாத ஓர் அம்மா, இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். மேடையைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"பொண்ணோட அப்பாவா? அப்படியே உரிச்சு வச்சிருக்குதே!"

இல்லல்ல என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பழக்கதோஷம். வாளியோடு திரும்பி மேடையைப் பார்த்தேன். யாரோ என்னவோ சொல்ல, அவள் கீழுதட்டைத் தள்ளிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "என் மூஞ்சிதான்."